பயத்தைப் பாடமாக நடத்தியவர்

“என் வாழ்க்கையில் நான் எந்தப் பயத்துக்கு முன்னாலும் துணை தேடி நின்றதில்லை. இனியும் நிற்கப் போவதில்லை. வேண்டுமானால் முத்திரைத்தாள் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.”

ஈப்போவில் ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேராசிரியர் அம்பிகை மயில்வாகனம் ஒலிபெருக்கியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சொன்னபோது மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பல்மருத்துவர்களும் பள்ளி ஆய்வாளர்களும், மனைவிமாருக்குத் தெரியாமல் ஆளுக்கொரு பயத்தை வளர்த்து வந்தவர்களாகையால், எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். முத்திரைத்தாள் மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

அம்பிகை மருத்துவ உளவியல் பேராசிரியர். ஈப்போவை ஒட்டிய தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பல வருடங்களாகப் பயத்தைப் பாடமாக நடத்தி வந்தார். அவருடைய வகுப்பில் பயம் ஆறு அத்தியாயம். ஏழாவது அத்தியாயம் ஞாபகமறதி. முதல் ஆறையும் அவர் சிங்கம் மாதிரி நடத்துவார். ஏழாவதைச் சற்று வேகமாக நடத்துவார். ஏன் வேகம் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. கேட்டால் தேர்வில் வந்துவிடும்.

அவருடைய ஆராய்ச்சியும் பயத்தைப் பற்றியதுதான். பழைய ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த தமிழர்கள் பயத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் விசாரித்தார். முடிவு திட்டவட்டமாக இருந்தது: யாரும் வெறுங்கையோடு பயத்தைச் சந்திக்கப் போவதில்லை. லிப்டில் ஏறும்போது ஒருவர் கைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். இன்னொருவர் தைலப் போத்தல். வேறொருவர் கறுப்புக் கயிறு. மிகப் பலர் நாத்தனார். இதற்கெல்லாம் பேராசிரியர் ‘துணைப்பிடி’ என்று பெயர் வைத்தார். துணைப்பிடியை விடாதவரை பயம் விடாது. பயப்பட்டபடி ஒன்றும் நடக்காவிட்டாலும் பெருமையெல்லாம் எலுமிச்சம்பழத்துக்குப் போய்விடும் என்பது அவர் நிறுவிய உண்மை. வெளிநாட்டு மாநாட்டில் இதை வாசித்தபோது அறிஞர்கள் எழுந்து நின்று, நாத்தனாரைப் பற்றி மேலும் விவரம் கேட்டார்கள்.

சிகிச்சையிலும் கண்டிப்புத்தான். செமோரிலிருந்து விமலா என்று ஒரு பெண் வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மகள் பிள்ளை பெற்றுத் தைப்பிங்கில் இருந்தாள். போகிற வழியில் நெடுஞ்சாலை மலையைக் குடைந்து ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. அதற்குள் நுழைந்தால் மூச்சு நின்றுவிடும் என்பது விமலாவின் பயம். அண்ணி செல்லாயி கூட வந்தால் மட்டும் நிற்காதாம்.

“டாக்டர், அண்ணிய மட்டும் உட்டுருங்க லா. அவங்க பேசக்கூட மாட்டாங்க. சும்மா உக்காந்திருப்பாங்க.”

“சும்மா உக்காந்திருக்கிறதுதான் விமலா பிரச்சினையே.”

“பின்னால உக்காரச் சொல்லவா?”

“எங்கயும் வேணாம்.”

“டாக்டருக்கு அண்ணி கெடையாதா?”

“இருக்காங்க. கனடாவுல.”

“அதான்,” என்றார் விமலா.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். சிகிச்சை பலித்தது. அடுத்த முறை வந்த விமலா, “போனேன் டாக்டர். செத்துட்டேன்னு நெனச்சேன். சாவல. அப்புறம் திரும்பி வரையிலயும் சாவல,” என்றார். பேராசிரியர் அதை வெற்றி என்று குறித்துக்கொண்டார். விமலா எழுந்து போகும்போது வாசலில் நின்று, “டாக்டருக்கு இப்பிடியெல்லாம் ஒண்ணும் வராதா?” என்று கேட்டார். “வராது,” என்றார் பேராசிரியர். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது விஞ்ஞானம்.

வந்தது.

அம்பிகையின் அப்பா மயில்வாகனம் ரயில்வே அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி நாலைந்து வருடம் அவரிடமிருந்து ஞாபகம் ஒவ்வொன்றாக இறங்கிப் போனது. முதலில் சொற்கள் போயின. ஒரு சொல் வராதபோது கௌரவமான அந்த மனிதர் மெல்லச் சிரித்து, கையை விரித்து, “அதுதான்... உனக்குத் தெரியும்தானே,” என்பார். எதிரில் இருப்பவரும் தெரியும் என்று தலையாட்டுவார். ரொம்ப நாள் அந்தச் சிரிப்புக்குப் பின்னால்தான் வியாதி குடியிருந்தது. உளவியல் படித்த மகளே கண்டுபிடிக்கவில்லை. பிறகு காலையில் டை கட்டிக்கொண்டு, இல்லாத அலுவலக வண்டிக்காக வாசல் கேட் அருகில் காத்து நின்றார். முடிவில் மகளைத் தாதி என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அம்பிகைக்கு அப்பாவின் சிரிப்பு தொடங்கிய வயது.

அன்று வகுப்பில் ஆறாவது அத்தியாயம் நடந்துகொண்டிருந்தது. லிப்ட், எலுமிச்சம்பழம், தைலம் எல்லாம் சொல்லிவிட்டு, “இதற்கு நான் வைத்த பெயர்...” என்று பலகைப் பக்கம் திரும்பினார். பெயர் இல்லை. தானே பெற்றுப் பெயரிட்டு மாநாடு மாநாடாகத் தூக்கித் திரிந்த சொல். அது இருக்க வேண்டிய இடத்தில் துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமில்லை. பேராசிரியர் திரும்பினார். மெல்லச் சிரித்தார். கையை விரித்தார்.

“அதுதான்... உங்களுக்குத் தெரியும்தானே.”

மாணவர்கள் தலையாட்டினார்கள். ரூபன் என்ற மாணவன் மட்டும், தனக்கு மதிப்பெண் கிடைக்கும் என்று நம்பி, “துணைப்பிடி, புரொபசர்,” என்றான். அவனுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. பேராசிரியர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் அடுத்த வாரம் வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா என்று யோசித்தான். அவரோ அவனைப் பார்க்கவே இல்லை. தன் வாயிலிருந்து வந்த அப்பாவின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சொல் மறப்பது உலக வழக்கம். இதை அவரே ஆயிரம் பேருக்குச் சொல்லித் தேற்றியிருக்கிறார். ஆனால் பயம் பேராசிரியர்களுக்கு வரும்போது சான்றுகளோடு வருகிறது.

இரண்டாவது சான்று நெடுஞ்சாலையில் கிடைத்தது. செமோரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு ஈப்போவுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர், சாலையோரப் பலகையில் ‘தாப்பா’ என்று பார்த்தார். ஈப்போவுக்கு இறங்கும் வழிகள் போய்விட்டன. கோப்பெங் போய்விட்டது. கம்பார் போய்விட்டது. இவற்றில் எதையும் கடந்ததாக அவருக்குத் தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் யாருடையவோ மாதிரி இருந்தன. தாப்பாவில் இறங்கி ஒரு கடையோரம் வண்டியை நிறுத்தினார். பிறகு, மலையிலிருந்து இறங்கிய மரக்கறி விற்கும் கடையில் கோவா எனும் முட்டைக்கோஸ் வாங்கினார். ஏன் வாங்கினார் என்றால், வீட்டில் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

கணவர் திருக்குமரன், நீர்விநியோக இலாகாவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், குழாய்களைத் தவிர வேறு எதிலும் அவசரப்படாதவர். அவர் பையை மேசையில் கொட்டிப் பார்த்தார்.

“என்ன அம்பி, ஆறு கோவாவோ? நாங்கள் ரெண்டு பேர்தானே.”

“மலிவாய்க் கிடந்தது.”

“தாப்பாவுக்குப் போய் வர எண்ணெய்க்காசு?”

“மலிவு எண்டு சொல்லுறன், பிறகென்ன.”

அந்த வாரம் முழுக்க அவர்கள் கோவா சாப்பிட்டார்கள். வறை, கறி, சூப், மறுபடி வறை. திருக்குமரன் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்தது அம்பிகைக்கு மேலும் பயமாக இருந்தது.

அறிவியல் தெரிந்தவர் என்ன செய்வார்? சோதிப்பார். அலுவலக அறையைப் பூட்டிக்கொண்டு, ஞாபகத்தை அளக்கும் சோதனைத் தொகுப்பை எடுத்துத் தானே தனக்கு நடத்தினார். சொற்களை வாசித்து, நேரம் விட்டு, திருப்பிச் சொன்னார். காய்கறிக்காரி பையைத் தொலைத்த கதையை வாசித்து, ஒரு விவரம் பிசகாமல் ஒப்பித்தார். முழு மதிப்பெண். அன்று மாலை அம்பிகை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சமைத்ததையும், அதில் கோவா இல்லாததையும் திருக்குமரன் கவனித்தார்.

மகிழ்ச்சி பல் துலக்கும்வரை நீடித்தது. வாயில் நுரையோடு அவருக்கு உறைத்தது: அந்தச் சோதனையைத் தமிழில் ஆக்கியதே அவர்தான். மூலச் சோதனையின் வெளிநாட்டுக் கதையில் பனி பெய்தது. பேராக் மாநிலத்தில் பனிக்கு எங்கே போவது என்று அதைத் தூக்கிப்போட்டுவிட்டுக் காய்கறிக்காரியை உட்கார வைத்தவர் அவர். அவளுடைய பையில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தன் பிறந்த தேதி மாதிரித் தெரியும். அப்பாவுக்குக்கூடக் கடைசிவரை பிறந்த தேதி தெரிந்திருந்தது. கேள்வி தெரிந்தவருக்கு வைத்த சோதனை செல்லாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பவர், அதையே மறந்துவிட்டுத்தான் சோதனை எழுதியிருக்கிறார். இது மறதியா, முட்டாள்தனமா? இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்தபடி வாய் கொப்பளித்தார்.

மறுநாள் கணவரைப் பிடித்தார்.

“இஞ்சருங்கோ, ஏதாவது பதினைஞ்சு சொல்லு யோசிச்சு எனக்கு வாசியுங்கோ. ஆராய்ச்சிக்கு.”

“என்ன மாதிரிச் சொல்லு?”

“என்ன வேணுமெண்டாலும்.”

திருக்குமரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அரசு டெண்டர் வாசிக்கும் குரலில் வாசித்தார். கேட் வால்வு, எல்போ, நிப்பிள், பால் காக், பம்ப், பிளேஞ்ச், அதற்கு வாஷர், வேறு அளவில் இன்னொரு வாஷர். அம்பிகைக்குத் திருப்பிச் சொல்ல வந்தது நாலே நாலு.

“இரண்டு வாஷரையும் விட்டிட்டீர்,” என்றார் கணவர், துறையின் மானம் போன மாதிரி.

குழாய்ச் சாமான் பதினைந்தில் நாலு நினைவிருப்பது நோயா, ஆரோக்கியமா? உலகத்தில் எந்த ஆய்வும் இதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. பேராசிரியர் தேடிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்தவற்றை அவருடைய மூன்றாவது அத்தியாயமே வரிசையாகச் சொல்கிறது. நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் ஓட்டினார். பேச்சுக்குக் குறிப்பில்லாமல் போகும் பழக்கத்தை விட்டு, வணக்கம் உட்பட எல்லாவற்றையும் திரையில் எழுதி வைத்தார். பெயர்கள் வராமல் போகுமோ என்று பெயரே சொல்லாமல் எல்லாரையும் “பிள்ளை”, “செல்லம்” என்று கூப்பிட்டார். புரொபசர் இந்த வருடம் எவ்வளவு அன்பாகிவிட்டார் என்று மாணவர்கள் உருகிப் போனார்கள். நல்லாசிரியர் விருதுக்கு அவர் பெயரை அனுப்பியும் விட்டார்கள்.

ஏழாவது அத்தியாயத்தை அந்த வருடம் நேரமில்லை என்று சொல்லி விட்டுவிட்டார்.

நவம்பரில் ஒரு காலை, சேலை கட்டி, பையெடுத்துப் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு வண்டி இல்லை. கட்டடத்தில் விளக்கு இல்லை. வாசலில் காவலிருந்த ஜாகா எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“புரொபசர், இன்னிக்கி சுல்தான் பெறந்தநாளு. பேராக்குக்கே லீவு லா.”

“தெரியும் தெரியும். ஒரு பைல் எடுக்கணும்.”

“சாவி வாங்கிட்டு வரவா?”

“வேண்டாம், செல்லம்.”

ஐம்பது வயதைத் தாண்டிய ஜாகா கொஞ்சம் பின்வாங்கி நின்றார். பேராசிரியர் வண்டியைத் திருப்பவில்லை. பூட்டிய கேட், காலை வெயில், நன்றாக உடுத்திக்கொண்டு வேலைக்கு வந்து நிற்கும் ஒரு ஆள். இதே படத்தை அவர் வீட்டு ஜன்னலிலிருந்து பல காலைகள் பார்த்திருக்கிறார். அதில் நின்றவர் டை கட்டியிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். தன்னிடமிருந்து தான் போய்விடுவோம், போனது தனக்கே தெரியாது, எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அன்றே மருத்துவரிடம் போக முடிவு செய்தார். யாரிடம் என்பதுதான் சிக்கல். பேராக்கில் மனநலம் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் தோற்று மறுபடி எழுதியவர்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் “வாங்க புரொபசர்” என்றுதான் திறக்கும். சாயங்காலத்துக்குள் சங்கத்துக்குத் தெரியும். ராத்திரிக்குள் கனடாவுக்குத் தெரியும். ஆகவே மாநில எல்லைவரை தேடிக்கொண்டே போய், தஞ்சோங் மாலிமில் ஒரு தனியார் நிலையத்தைக் கண்டுபிடித்தார். நடத்துகிறவர் ஒரு சீன டாக்டர் என்று அதன் இணையப் பக்கம் சொன்னது. திருமதி திருக்குமரன் என்று நேரம் வாங்கினார். வீட்டில், அங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் என்று சொன்னார். நெடுஞ்சாலையை நினைத்தாலே உள்ளங்கை வேர்த்ததால் ரயிலில் போனார். வழியெல்லாம் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வாய்க்குள் சொல்லிச் சரிபார்த்தார்.

“திருமதி திருக்குமரன், உள்ள வாங்க.”

உள்ளே சீன டாக்டர் இல்லை. சோதனை நடத்துகிறவர் என்று உட்கார்ந்திருந்தது ஷர்மினி. அவரிடம் படித்தவள்.

“புரொபசர்?” ஷர்மினி எழுந்துவிட்டாள். “ஸ்டூடண்ட் யாரையாச்சும் பாக்க வந்தீங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடலாம். கதவு திறந்துதான் இருந்தது.

“இல்லை. நான்தான் பேஷண்ட்.”

ஷர்மினி மறுபடி உட்கார்ந்தாள். பேராசிரியரே முந்திக்கொண்டார். “உன்னை நான் ஒருதடவை பெயிலாக்கியிருக்கிறேன், இல்லையா?”

“ரெண்டு தடவை, புரொபசர்.”

ஒன்றா, இரண்டா? அம்பிகை மனதுக்குள் இறங்கித் தேடினார். ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றைக் காணவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஷர்மினி எல்லாவற்றையும் கேட்டாள். சொல், தாப்பா, ஜாகா, அப்பா. அவசரப்படாமல் எழுதினாள். பிறகு, “நீங்க செஞ்ச டெஸ்ட் உங்களுக்கு வேலைக்காவாது. போன வருஷம் புதுசா ஒண்ணு வந்துச்சு, நீங்க பாத்திருக்க மாட்டீங்க. அத வைக்கிறேன். சும்மா டென்ஷனா இருந்தாலும் இப்பிடி மறக்கும், உங்களுக்குத் தெரியாததில்ல. ஆனா பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்றாள்.

“சொல்லக் கூடாது. ஆரம்பி.”

“ஆரம்பிக்க முடியாது புரொபசர். கூட யாரு வந்திருக்காங்க?”

“யாருமில்லை.”

“வீட்ல உங்ககூட இருக்குறவங்க ஒருத்தர்கிட்ட மொதல்ல பேசணும். மறந்தத மறந்தவங்ககிட்டயே கேட்டுக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு...” ஷர்மினி மரியாதைக்காக அங்கேயே நிறுத்திக்கொண்டாள். இந்த விதி யார் சொல்லிக்கொடுத்தது என்பது அறையில் இருந்த இருவருக்கும் தெரியும். தேர்வில் நோயாளியின் வீட்டாரை விசாரிக்காமல் நேராகச் சோதனைக்குப் போனதற்குத்தான் அவள் இரண்டாவது தடவை தோற்றாள். “வேற நாள் வச்சிக்கலாமா? சாரையும் கூட்டிட்டு வாங்க.”

வேறு நாள். எவ்வளவு இனிமையான சொல். அடுத்த மாதம், பரீட்சைத் தாள் திருத்தி முடித்தபிறகு, மழை விட்டபிறகு. பயந்தவர்கள் எல்லாரும் குடியிருக்கும் ஊர் அதுதான். அம்பிகை அதற்கு வரைபடமே போட்டவர். அடுத்த ரயிலுக்கு நேரமும் இருந்தது.

“அஞ்சு நிமிஷம்,” என்று சொல்லி நடைவழிக்கு வந்து கைபேசியை எடுத்தார்.

“இஞ்சருங்கோ.”

“ஓம் அம்பி. மீட்டிங் முடிஞ்சுதோ?”

“மீட்டிங் இல்லை. ஞாபகம் சோதிக்கிற இடத்தில நிக்கிறன்.”

“ஆரின்ரை ஞாபகம்?”

“என்ரை.”

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

“இடத்தைச் சொல்லும். வாறன்.”

சொன்னார். ஒருதடவை சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று சுவரில் இருந்த பலகையைப் பார்த்து மறுபடி சொன்னார்.

“கெதியா வாங்கோ.”

“ஓடி வாறதெண்டாலும் ஒண்டரை மணித்தியாலம் ஆகும். போனை வையும், கார் எடுக்க வேணும்.”

“வையாதேங்கோ.”

“கார் ஓட்டேக்கை கதைக்கக் கூடாதெல்லோ.”

“கதைக்க வேண்டாம்.” அம்பிகை குரலைத் தாழ்த்தினார். நடைவழியில் வேறு யாரும் இல்லை. “சும்மா பக்கத்தில வைச்சிட்டு ஓட்டுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு.”

சாவிக் கொத்தின் சத்தம். கேட் உருளும் சத்தம். இருக்கைப் பட்டை மாட்டச் சொல்லி வண்டி முனகியது, மாட்டியதும் நின்றது. திருக்குமரன் சொன்ன சொல் தட்டாமல் ஒன்றும் பேசவில்லை. ஒருதடவை மட்டும் தொண்டையைச் செருமினார். ஷர்மினி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பேராசிரியர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரு என்று ஒரு கையால் காட்டினார். இன்னொரு கை கைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தது. வெகுநேரம் சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடிக்கும் ஓசையும் வண்டியோசையும் மட்டும் கேட்டன. பிறகு டோல் சாவடி ஒருதடவை பீப் என்றது. அம்பிகை கைபேசியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.